ரசீது இல்லாத வீட்டின் ஏரி

வேலவன் நகருக்குள் ஏரி திரும்பி வந்த காலையில் யாரும் கூச்சல் போடவில்லை. அடுப்பில் பால் இருந்தது, பிள்ளைகளுக்குத் தலை பின்ன வேண்டியிருந்தது, தண்ணீர் லாரிக்காகத் தெருமுனையில் குடங்கள் வரிசையில் காத்திருந்தன. அந்த நேரத்தில்தான், மழையின் வாசனையே மறந்துபோன அந்தச் சித்திரையில், வீடுகளின் உள்ளே, கட்டில் கால்களுக்கு அடியிலிருந்தும் சமையலறை மூலைகளிலிருந்தும் தரைக் கற்களின் இடுக்குகளிலிருந்தும் தண்ணீர் ஊறி, சேற்று மணமும் தாமரைக் கிழங்கின் மணமுமாகக் கணுக்காலுக்கு ஏறி, முழங்காலுக்கு ஏறி, வாசலைத் தாண்டாமல், திறந்த கதவின் நடுவே கண்ணாடியை நிறுத்தி வைத்ததுபோல் நின்றது. தெருவில் ஒரு சொட்டு இல்லை. குடங்கள் அங்கே காய்ந்துகொண்டிருந்தன.

எல்லோருக்கும் அது என்னவென்று தெரிந்திருந்தது. மனை விற்றவர் அந்தக் காலத்தில் அச்சடித்துக் கொடுத்த தாளில் ஏரிக்காற்று வீசும் மனைகள் என்றுதான் போட்டிருந்தார். இடிந்த வீடுகளின் கல்லையும் மண்ணையும் கொட்டி ஏரியை மூடிவிட்டுக் காற்றை மட்டும் விற்றிருந்தார். அதனால், "அதோட எடம்தானே, வந்து பாத்துட்டுப் போவட்டும்" என்று ஆண்கள் சொன்னார்கள். பெண்கள் கேஸ் சிலிண்டரைச் சன்னல் கம்பியில் கட்டி மிதக்கவிட்டார்கள், அரிசியைப் பரணில் ஏற்றினார்கள். பிள்ளைகள் படுக்கையில் படுத்தபடியே கெண்டை பிடித்தார்கள். சாமி மாடத்துக்குக் கீழே அல்லி பூத்தது; பறித்து மாடத்திலேயே வைத்தார்கள். ஒரு வீட்டில் இரும்பு பீரோவின் மேல் நாமக்கோழி கூடு கட்டி முட்டையிட்டது, குஞ்சு பொரிக்கிறவரையில் பீரோவை அதிரத் திறக்கக்கூடாது என்று அந்த வீட்டுப் பெண்கள் ஒரே புடவையைத் துவைத்துத் துவைத்து உடுத்தினார்கள்.

அந்த ஏரி எதற்குக் கட்டுப்படும் என்பதைக் கண்டுபிடித்தவள் இட்லிக் கடை குணவதி. அவள் வீட்டில் தண்ணீர் இடுப்பளவுக்கு ஏறி, ஆணியில் மாட்டியிருந்த மஞ்சள் பையைத் தொட்டது. தொட்டதும் ஒரு நடுக்கம் நடுங்கியது. பிறகு, வேறு வீட்டுக்குள் தவறி நுழைந்துவிட்ட விருந்தாளியைப்போலச் சத்தமில்லாமல் பின்வாங்கித் தரைக்குள் போய்விட்டது. பைக்குள் இருந்தது வீட்டு வரி ரசீதுகள்.

வேலவன் நகரில் யாரிடமும் பட்டா கிடையாது. வரி கட்டிய ரசீதையே வீட்டின் உரிமை என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். அதை வைத்துத்தான் பெண் கொடுத்தார்கள், பெண் எடுத்தார்கள், அதைக் கண்ணாடித் தாளில் போட்டு நகையோடு வைத்துப் பூட்டினார்கள். வரி ரசீது வரி கட்டியதற்கு மட்டும்தான் சாட்சி, மண்ணுக்குச் சாட்சி அல்ல என்று தாலுகா ஆபீஸில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அந்த நகரத்து மனிதர்கள் செய்த தவறையே அந்தத் தண்ணீரும் செய்தது. எத்தனையோ வருடம் அவர்களுக்கு அடியில் கிடந்து, அவர்கள் பேச்சையே கேட்டுக் கேட்டு, அதுவும் அவர்களைப்போல ஆகியிருந்தது.

மாவிலைக்குப் பதிலாக வாசல் நிலையில் ரசீதுகள் தொங்கின. கட்டாதவர்கள் ஓடிப்போய்க் கட்டினார்கள். முன்பெல்லாம் யார் வீட்டு வாசலில் தலை காட்டினாலும் உள்ளே ஆள் இல்லை என்ற பதிலைக் கேட்டுப் பழகிய பில் கலெக்டர் தணிகாசலத்துக்கு இப்போது வீட்டுக்கு வீடு காபி கிடைத்தது. ரசீதை அவர் கையாலேயே தரவேண்டும் என்று கர்ப்பிணிகள் காத்திருந்தார்கள். ஒருத்தி கற்பூரத் தட்டோடு வர, அவர் பயந்துபோய்ச் செருப்பைக் கழற்றிவிட்டார். "சாரு, நம்ம வீட்டு நாயே உங்கள பாத்து வால ஆட்டுது, காலம் எப்பிடி மாறிப்போச்சு பாத்தீங்களா!" என்றாள் குணவதி. சில நாட்களில் ஏரி வேலவன் நகரை விட்டு வடிந்துபோனது. மக்கள் பீரோக்களைத் திறந்தார்கள்.

வடியாத வீடு ஒன்றே ஒன்று. அது பச்சையம்மாளின் வீடு.

அந்த வீட்டை மிலிட்டரி வீடு என்பார்கள். பச்சையம்மாளின் புருஷன் ஏகாம்பரம் வடக்கே பனிமலையில் காவல் நின்ற சிப்பாய். விடுமுறைக்கு விடுமுறை வந்து ஒவ்வொரு சுவராக எழுப்பி, கூரை போட்ட பிறகு போனவர் திரும்பவில்லை. போர்முனையில் இருந்தவர்களின் விதவைகள் தாங்களே குடியிருக்கும் வீட்டுக்கு வரி கட்ட வேண்டாம் என்று ஒரு விலக்கு உண்டு. அந்த உத்தரவைக் கொடுத்த அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்து நின்று கொடுத்தார். அதன் பிறகு பச்சையம்மாள் வரி கட்டியதில்லை. வரி கட்டாததால் ரசீது இல்லை. ரசீது இல்லாததால் ஏரி போகவில்லை.

அந்த வீட்டில் அவளோடு இருந்தவள் மகள் சுலோசனா. சிறு வயதில் வந்த காய்ச்சல் இடுப்புக்குக் கீழே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போயிருந்தது. நாற்பதை நெருங்கும் வயதில் கட்டிலில் இருந்தபடியே தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தாள். தண்ணீர் ஏற ஏறப் பச்சையம்மாள் கட்டில் கால்களுக்குக் கீழே செங்கல் அடுக்கினாள், செங்கல்லின் மேல் செங்கல், அதன் மேல் அம்மி, அம்மியின் மேல் ஆட்டுக்கல். பிள்ளைகள் அன்னக்கூடையில் உட்கார்ந்து துடுப்புக்குக் கரண்டி போட்டு வந்து கணக்குப் படித்தார்கள்.

"இன்னும் கொஞ்சம் ஏத்துனா ஃபேன் றெக்கை என் மூக்க சீவிடும்மா" என்றாள் சுலோசனா.

"வாய மூடுடி. நான் போய் ஆபீஸ்ல கேட்டுட்டு வர்றேன்."

"இன்னான்னு கேப்பே? எனக்கு வரி போடுங்கன்னா? ஊரு உலகத்துல எவளும் கேட்டிருக்க மாட்டா. சிரிக்காம கேளு."

முதலில் குணவதி தன் ரசீது ஒன்றைக் கொடுத்துப் பார்த்தாள். தண்ணீர் அதில் இருந்த கதவிலக்கத்தைப் படித்திருக்க வேண்டும். அவமானப்பட்டதுபோல் இன்னும் ஒரு சாண் ஏறியது. பச்சையம்மாள் தாலுகா ஆபீஸுக்குப் போனாள். அங்கே புல எண்ணைச் சொன்னதும் ஒரு வரைபடத்தை விரித்து, அதில் நீலமாக இருந்த இடத்தின் நடுவில் விரலை வைத்து, "நீங்க ஏரிக்குள்ள கீறீங்கம்மா" என்றார்கள். "அது எனக்குத் தெரியும் சாமி, இடுப்பளவுல நின்னுட்டுத்தான் வர்றேன்" என்றாள் அவள். பத்திரம் பதிந்த ஆபீஸுக்குப் போய் வில்லங்கச் சான்று கேட்டாள். வந்தது, ஏகாம்பரம் வாங்கினார் என்று இருந்தது, வேறு வில்லங்கம் ஏதும் இல்லை என்றும் இருந்தது. அதைக் கொண்டுவந்து தண்ணீரின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். தண்ணீர் மையை மட்டும் கரைத்துக்கொண்டது.

கடைசியில் நகராட்சியின் வரிப் பிரிவுக்குப் போனாள். அங்கே இருந்த மதிவதனி நல்ல பெண். நனைந்த புடவையோடும் பழைய விலக்கு உத்தரவோடும் வந்தவளை உட்காரச் சொல்லி மின்விசிறியை அவள் பக்கம் திருப்பினாள்.

"எனக்கு வரி போடும்மா."

"உங்களுக்கு விலக்கு இருக்கும்மா. விலக்கு இருக்கிறவங்ககிட்ட வரி வாங்கினா எனக்குத்தான் மெமோ வரும்."

"விலக்கு வேணாம்னு சொல்றேன்."

"வேணாம்னு எழுதித் தரவேண்டியவர் வீட்டு ஓனர். அவரக் கூட்டிட்டு வாங்க."

"அவரு செத்துப்போனதுக்குத்தான் தாயி இந்த விலக்கே குடுத்தாங்க."

"அப்ப முதல்ல உங்க பேருக்கு மாத்தணும்."

"மாத்திக் குடு."

மதிவதனி தலை குனிந்துகொண்டாள். "பேரு மாத்தறதுக்குக் கடைசியா வரி கட்டின ரசீது வெக்கணும்மா."

பச்சையம்மாள் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டாள். மதிவதனி கணினியில் தேடினாள்; முன் வீடு இருந்தது, பின் வீடு இருந்தது, நடுவில் எதுவும் இல்லை. புதிதாகச் சேர்க்கலாமா என்று பார்த்தாள். சேர்க்கப் பட்டா வேண்டும், அல்லது பழைய ரசீது வேண்டும்.

ஏன் இல்லை என்பதைத் தணிகாசலம்தான் சொன்னார், சுவரைப் பார்த்தபடி. விலக்கு கொடுத்த வீட்டின் பெயர் இருக்கும் பதிவேட்டு வரியில் பழைய பில் கலெக்டர்கள் சிவப்பு மையால் ஒரு கோடு போடுவார்கள். தேடி வந்து தொந்தரவு செய்யக்கூடாது என்ற மரியாதைக்காகப் போட்ட கோடு அது. பதிவேடு பழசாகிப் புதிதில் பெயர்த்து எழுதும்போது, எழுத வந்தவர்கள் அடித்திருந்த வரிகளை விட்டுவிட்டார்கள். அடுத்த முறை எழுதியபோது, விட்டுப்போனது என்பதே யாருக்கும் தெரியவில்லை. மரியாதையில் தொடங்கி, அப்படியே இல்லாமல் போன வீடு அது.

பச்சையம்மாள் அழவில்லை. வீட்டுக்கு வந்து தண்ணீருக்குள் நடந்து, அல்லித் தண்டுகளை விலக்கிக்கொண்டு கட்டிலுக்குப் போய், மகளை வேறு வீட்டுக்குத் தூக்கிப் போவது என்று முடிவெடுத்தாள். தெருவே திரண்டு வந்தது. சுலோசனாவைக் கட்டிலோடு தூக்கி, ரசீதுகள் தோரணமாகத் தொங்கும் குணவதியின் வீட்டுக்குள் கொண்டுபோய் இறக்கினார்கள்; குணவதி சுடச்சுட இட்லி வைத்தாள்; இரண்டாவது விள்ளலைச் சுலோசனா வாயில் வைக்கும்போது கட்டிலுக்குக் கீழே தரைக் கற்களின் இடுக்கு கசிந்தது. கன்றுக்குட்டி தாயைத் தேடி வருவதுபோல் ஏரி அவளைத் தேடி வந்திருந்தது. குணவதியின் ரசீதுகளைத் தொட்டது, நடுங்கியது, ஆனால் போகவில்லை. ஏறியது. குணவதியின் மாவுப் பானை மிதந்தது.

குணவதி சுவரோடு சாய்ந்து நின்று, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "யக்கா, எனக்கு வயசுப் பொண்ணு கீதுக்கா" என்றாள்.   தூக்கி வந்தவர்களே திரும்பத் தூக்கிப் போனார்கள், யாரும் யார் முகத்தையும் பார்க்காமல். அதன் பிறகு கணக்குப் படிக்கப் பிள்ளைகளை அனுப்பவில்லை. தெருவில் பேசும்போது அந்த வீட்டின் பக்கம் திரும்பாமல் பேசக் கற்றுக்கொண்டார்கள். அந்த வீட்டின் சன்னல் வழியே விரால் மீன் ஒன்று சுற்றிச் சுற்றி வருவது தெரிந்தது. இப்போது அதையும் யாரும் பார்க்கவில்லை.

தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டது. பரணும் கூரையும் மட்டுமே இனி மிச்சம். சுலோசனாவைப் பரணில் கிடத்த முடியாது.

அன்று தணிகாசலம் வந்தார். வாசலில் நிற்கும் தண்ணீர்ச் சுவருக்கு வெளியே நின்று, குடையை மடக்கி, தொண்டையைச் செருமினார்.

"ஒரு வழி கீதும்மா. சொல்லவே நாக்கு கூசுது."

"சொல்லுங்க சார்."

"விலக்க வேணாம்னு சொல்றதுக்கு ஓனர் வேணும். ஆனா விலக்கு தப்பாக் குடுத்ததுன்னு சொல்றதுக்கு யாரு வேணா எழுதித் தரலாம். தப்பாக் குடுத்த விலக்குன்னா, தப்பிச்சுப் போன வரின்னு ஒரு பிரிவு கீது, அதுல அன்னிக்கே புது நம்பர் போட்டு ரசீது குடுத்துடலாம். பட்டா கேக்க மாட்டாங்க."

"தப்புன்னா? இன்னா தப்பு?"

அவர் குடையை விரித்து மறுபடியும் மடக்கினார். "அண்ணன் பட்டாளத்துலயே இல்லேன்னு எழுதணும்."

பச்சையம்மாள் மிதந்து வந்த அல்லி இலை ஒன்றைத் தள்ளிவிட்டாள். பிறகு, "போங்க சார், இட்லி கிட்லி சாப்டுட்டுப் போங்க" என்றாள், தன் வீட்டில் இட்லி இல்லை என்பதையும் அடுப்பே இல்லை என்பதையும் மறந்து.

உள்ளே சுலோசனா எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"எழுதிக் குடும்மா."

"உன் அப்பன்டி."

"எங்க அப்பாதான். எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும். நகராட்சிக்குத் தெரியலன்னா இன்னா குறைஞ்சுபோவுது?"

"அந்த மனுஷன் போன எடத்துல கட்டையக் கூட நமக்குக் காட்டல. மிச்சம் கீறது இந்தப் பேரு ஒண்ணுதான்."

"யம்மா." சுலோசனாவின் குரல் தணிந்தது. அவள் தலையணை நனைந்திருந்தது. பின்னலின் நுனி தண்ணீரில் மிதந்தது. "செத்தவருக்கு மூச்சு முட்டாதும்மா."



மறுநாள் வரிப் பிரிவில், மதிவதனி தந்த தாளில், பச்சையம்மாள் தன் கையாலேயே எழுதினாள். என் கணவர் ஏகாம்பரம் எந்தப் படையிலும் எந்தக் காலத்திலும் பணிபுரியவில்லை, போர்முனைக்குச் சென்றதில்லை, இந்த விலக்கு தவறாகப் பெறப்பட்டது. எழுத்துக் கூட்டி எழுதுகிறவள் அவள். ஒவ்வொரு எழுத்தாகப் போட வேண்டியிருந்ததால் ஒவ்வொரு எழுத்தாக அந்தப் பொய்யைச் சொல்ல வேண்டியிருந்தது. எழுதி முடித்தபோது தணிகாசலம் அறையில் இல்லை, வராந்தாவில் முதுகைக் காட்டி நின்றார். மதிவதனி ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள். அது சின்னத் தாள். பச்சையம்மாள் அதைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, மழை இல்லாத தெருவில் மழையில் போகிறவள்போல் நடந்தாள்.

தண்ணீர் அதைப் படித்தது. படித்ததும் இறங்கியது. கட்டிலை விட்டு, ஆட்டுக்கல்லை விட்டு, அம்மியை விட்டு, செங்கற்களை ஒவ்வொன்றாக விட்டு இறங்கியது. அல்லிகள் தண்டோடு சுருண்டு தரைக்குள் உறிஞ்சிக்கொள்ளப்பட்டன. விரால் மீன் கடைசியாக ஒரு சுற்றுச் சுற்றி, கட்டிலுக்குக் கீழே ஒரு கல்லின் இடுக்கில் கத்தியைச் சொருகியதுபோல் நுழைந்து மறைந்தது. தெருவே வந்து வாசலில் நின்று கைதட்டியது. குணவதி ஓடிவந்து பச்சையம்மாளைக் கட்டிக்கொண்டு, முதுகில் அடித்து அடித்து அழுதாள்.

அழுது முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டு, "அண்ணன் இருந்தா எவ்ளோ சந்தோஷப்படுவாரு. பாவம், தோல் ஷாப்புல ஒழைச்சு ஒழைச்சுக் கட்டின வீடு" என்றாள்.

"எந்தத் தோல் ஷாப்பு?"

"இன்னாக்கா கேக்கற, அண்ணன் வேல பாத்த தோல் ஷாப்புதான்."

பக்கத்தில் நின்ற ஒருவர், இல்லையில்லை, லாரி ஓட்டினார் என்றார். இன்னொருவர், ஊர் ஊராகப் பாத்திரம் விற்றார், எனக்கே ஒரு குண்டான் கொடுத்திருக்கிறார் என்றார். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவர் முகத்திலும் பழைய ஞாபகத்தின் கனிவு இருந்தது. பச்சையம்மாள் ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குப் பார்த்தாள். பிறகு வந்த நாட்களில் ஆட்டோக்காரர்களிடம் மிலிட்டரி வீடு என்றபோது, அப்படி ஒரு வீடு இந்தப் பக்கம் கிடையாதே என்றார்கள். பென்ஷன் மட்டும் வந்துகொண்டிருந்தது, எதற்காக வருகிறது என்று பாங்க்கில் ஒருவருக்கும் தெரியவில்லை, கேட்டால் நின்றுவிடுமோ என்று அவளும் கேட்கவில்லை. தணிகாசலம் தெருவில் அவளைப் பார்க்கும்போது எதையோ சொல்ல வந்ததுபோல் நிற்பார், அது என்னவென்று தெரியாமல் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு போய்விடுவார்.

அவள் மட்டும் மறக்கவில்லை. பொய்யை எழுதிய கைக்கு அது பொய் என்று தெரிந்திருந்தது.

ஒரு மதியம் வெயில் சன்னல் வழியே வந்து தரையில் கட்டம் கட்டமாகக் கிடந்தது. பிள்ளைகள் கணக்குப் படித்துவிட்டு அப்போதுதான் போயிருந்தார்கள். சுலோசனா கட்டிலிலிருந்து கையைத் தொங்கவிட்டுத் தரையைத் தடவிப் பார்த்தாள்.

"நல்லாக் காஞ்சிடுச்சும்மா" என்றாள். பிறகு, சாதாரணமாக, "யம்மா, அப்பா இன்னா வேல பாத்தாரு? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எனக்கு ஞாபகமே வரல."

கூட்டிக்கொண்டிருந்த பச்சையம்மாள் நிமிர்ந்தாள். எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும் என்று இதே கட்டிலில் கிடந்து சொன்ன முகம் அது. அதில் கள்ளம் எதுவும் இல்லை.

"பட்டாளத்துல இருந்தாரு."

சுலோசனா சிரித்துவிட்டாள். "யாரு, நம்ம அப்பாவா? வெளையாடாதம்மா."

"பனிமலைல. பனின்னா நம்ம மார்கழிப் பனி இல்ல. கண்ணு எட்டற வரிக்கும் வெள்ளையாக் கெடக்கும். துப்புனா எச்சி கீழ வுழறதுக்குள்ள கல்லாயிடும்னு சொல்வாரு. டீயக் குடிக்கணும்னா அடுப்பு மேலயே வெச்சிக் குடிக்கணும், எறக்குனா ஒடைச்சித்தான் திங்கணும்."

கட்டில் குலுங்கச் சிரித்தாள் சுலோசனா. "இத்தினி நாளா இந்தத் தெறமைய எங்கம்மா ஒளிச்சி வெச்சிருந்தே? சரி, அந்த மலைல இன்னாதான் வேல அவருக்கு?"

"நிக்கிறதுதான் வேல."

"சும்மாவா?"

"அங்க வீடு கெடயாது, மரம் கெடயாது, ஒரு காக்கா குருவி கெடயாது. அந்த எடம் நம்மளுதுன்னு காட்டறதுக்குக் காகிதமும் கெடயாது. ஆளு நின்னாத்தான் நம்ம எடம். அதுக்குத்தான் போய் நின்னாரு."

சுலோசனா சிரிப்பை நிறுத்தினாள். முழங்கையை ஊன்றி, உடம்பைத் தூக்கி, தலையணையில் சாய்ந்து வாகாக உட்கார்ந்துகொண்டாள். அவள் கண்கள் விரிந்திருந்தன. கணக்கு முடிந்தபின் கதை கேட்கும் பிள்ளைகளின் கண்கள்போல இருந்தன.

"பொய்யா இருந்தாலும் நல்லாக் கீதும்மா. அப்புறம்?"

பச்சையம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவர் இறந்ததாகத் தந்தி வந்த நாளில் இவளை மடியில் போட்டுக்கொண்டு ஒருமுறை சொல்லி முடித்ததை, ஆவலோடு தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த முகத்துக்கு, அவள் மறுபடியும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.